கடனில் எழுந்த பாலம்

சான் பிரான்சிஸ்கோ நகரையும் அதற்கு வடக்கே உள்ள மரின் பகுதியையும் இணைக்கும் கோல்டன் கேட் பாலத்துக்காக வாங்கிய கடன் 3.5 கோடி டாலர். பாலம் 1937இல் திறக்கப்பட்டது. கடைசிக் கடன் பத்திரம் 1971இல் தீர்க்கப்பட்டது. இடைப்பட்ட 34 ஆண்டுகளில் பாலத்தைக் கடந்தவர்கள் செலுத்திய கட்டணத்திலிருந்து அசலுக்கு 3.5 கோடியும் வட்டிக்கு ஏறத்தாழ 3.9 கோடியும் போயின. அசலைவிட வட்டி அதிகம்.

சுங்கச்சாவடி வரிசையில் காத்திருக்கும் எவருக்கும் இந்த ஐயம் எழுவது இயல்பு: இந்தச் சாலைக்கும் பாலத்துக்கும் ஆன செலவு எப்போதோ வந்திருக்காதா, ஒரு மடங்கு செலவுக்கு இரு மடங்கு வசூல் எதற்கு? இதற்கு விடை தேட கோல்டன் கேட் பாலம் நல்ல எடுத்துக்காட்டு. அரசு கஜானாவிலிருந்து கட்டுமானத்துக்குப் பணம் வரவில்லை. கடன் எவ்வளவு, ஈடு என்ன, அடைந்தது எப்போது என்பதெல்லாம் வெளிப்படையாகத் தெரியும். பணக்கணக்கும் எஃகுக்கணக்கும் ஒன்றையொன்று எப்படிப் பிடித்து இழுத்தன என்பதையும் இதில் தெளிவாகப் பார்க்கலாம்.

நீரிணையின் குணம்

பசிபிக் பெருங்கடல் ஓர் ஒடுங்கிய வாயில் வழியாகச் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குள் நுழைகிறது. அந்த வாயிலின் பெயர்தான் கோல்டன் கேட். அகலம் ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர். நடுவில் ஆழம் 100 மீட்டருக்கும் மேல். விரிகுடாவின் நீர் முழுவதும் ஓதத்தின்போது இந்த ஒரே வழியாக ஏறி இறங்க வேண்டியிருப்பதால் நீரோட்டம் கடுமையானது. கடலிலிருந்து பலத்த காற்று வீசும். கோடையில் மூடுபனி நாள் கணக்கில் மூடிக் கிடக்கும். 1906இல் நகரைச் சீரழித்த நிலநடுக்கத்துக்குக் காரணமான சான் ஆண்ட்ரியாஸ் பிளவு சில கிலோமீட்டர் தொலைவில்தான் செல்கிறது.

சான் பிரான்சிஸ்கோ ஒரு தீபகற்பத்தின் முனையில் இருக்கிறது. பாலம் வருமுன் வடக்கே செல்ல வேண்டுமானால் படகுதான் வழி. 1920களில் மோட்டார் கார்கள் பெருகியபோது, விடுமுறை நாள்களில் படகுத்துறையில் கார்கள் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்தன. படகுத் தொழில் சதர்ன் பசிபிக் ரயில்வே நிறுவனத்தின் கைக்குள் இருந்தது. அதற்கு நல்ல வருமானம். பாலத்தின் தேவையும், பாலத்துக்கு எதிர்ப்பும் அந்தக் காத்திருப்பு வரிசையிலேயே பிறந்தன.

1.7 கோடியா, 10 கோடியா?

1916இல் ஜேம்ஸ் வில்கின்ஸ் என்பவர் உள்ளூர் நாளிதழில் பால யோசனையை வலியுறுத்தி எழுதினார். நகரத்தின் தலைமைப் பொறியாளர் மைக்கேல் ஓஷாநெஸ்ஸி பல பொறியாளர்களிடம் கருத்துக் கேட்டார். பலர் முடியாது என்றார்கள். முடியும் என்றவர்களில் சிலர் சொன்ன செலவு 10 கோடி டாலர். அன்றைய நிலையில் எந்த நகரமும் நினைத்துப் பார்க்க முடியாத தொகை அது.

சிகாகோவைச் சேர்ந்த ஜோசப் ஸ்ட்ராஸ் மட்டும் மிகக் குறைந்த தொகை சொன்னார். திறந்து மூடும் சிறு பாலங்களை நூற்றுக்கணக்கில் கட்டியவர் அவர். 1921இல் அவர் அனுப்பிய வரைபடத்துடன் இருந்த மதிப்பீடு 1.7 கோடி டாலர். இருபுறமும் கனத்த இரும்புச் சட்டங்கள் நீண்டு வர, நடுப்பகுதி மட்டும் வடத்தில் தொங்கும் கலப்பு வடிவம் அது. பார்வைக்கு அழகற்றது. கடைசியில் கட்டப்பட்ட பாலத்துக்கும் அந்த வடிவத்துக்கும் தொடர்பே இல்லை. ஆனாலும் அந்த மதிப்பீடு ஒரு பெரிய வேலையைச் செய்தது. நடக்காத காரியம் என்று ஒதுக்கப்பட்டதை, எத்தனை கோடியில் முடிக்கலாம் என்று பேரம் பேசக்கூடியதாக மாற்றியது. பெரும் கட்டுமானங்களின் வரலாற்றில் முதல் மதிப்பீடு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். அதை நம்பித்தான் சட்டமன்றங்களும் வாக்காளர்களும் முதல் அடி எடுத்து வைக்கிறார்கள். ஸ்ட்ராஸின் மதிப்பீடும் பின்னர் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது.

ஆறு கவுண்டிகளின் ஈடு

பணத்துக்கு முன் வேறொரு சிக்கல் இருந்தது: கடன் யார் பெயரில்? பாலத்தால் பயன்பெறப்போவது ஒரு நகரம் மட்டுமல்ல. வடக்கே ஆரிகன் மாநில எல்லைவரை உள்ள ஊர்களுக்கும் பயன் உண்டு. சான் பிரான்சிஸ்கோ மற்ற ஊர்களின் நிலத்தை அடகு வைக்க முடியாது. மாநில அரசோ கட்டுமானத்துக்குப் பணம் தரத் தயாராக இல்லை.

1923இல் கலிபோர்னியச் சட்டமன்றம் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. பல கவுண்டிகள் (மாவட்ட அளவிலான நிர்வாகப் பகுதிகள்) சேர்ந்து ஒரு தனி அமைப்பை ஏற்படுத்தலாம்; அந்த அமைப்பு கடன் வாங்கலாம், கட்டணம் வசூலிக்கலாம், தேவைப்பட்டால் சொத்து வரியும் விதிக்கலாம். இந்த அத்தியாயத்தில் அதைப் ‘பால மண்டலம்’ என்று குறிப்பிடலாம். சட்டம் வந்த பிறகும் மண்டலம் உருவாக ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வழக்குகள் குவிந்தன. சில கவுண்டிகள் பின்வாங்கின. 1928 டிசம்பரில் மண்டலம் முறைப்படி அமைந்தபோது சான் பிரான்சிஸ்கோ, மரின், சொனோமா, டெல் நார்ட் ஆகியவை முழுமையாகவும், நாப்பா, மெண்டசினோ ஆகியவற்றின் சில பகுதிகளும் அதில் இருந்தன.

நீரிணையின் இரு கரை நிலமும் அன்று போர்த்துறைக்குச் சொந்தம். பாலம் இடிந்து விழுந்தால் போர்க்கப்பல்கள் விரிகுடாவுக்குள் சிக்கிக்கொள்ளுமே என்ற அச்சம் கடற்படைக்கு இருந்தது. விசாரணைக்குப் பிறகு 1924இல் தற்காலிக அனுமதியும் 1930 ஆகஸ்டில் இறுதி அனுமதியும் கிடைத்தன.

அடுத்தது வாக்கெடுப்பு. 1930 நவம்பர் 4 அன்று ஆறு கவுண்டிகளின் வாக்காளர்கள் முன் வைக்கப்பட்ட கேள்வி: 3.5 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிடலாமா? கட்டண வருமானம் போதாவிட்டால் அவர்களுடைய வீடும் பண்ணையும் கடையும் வரியாக அந்தக் கடனைத் தாங்க வேண்டும். பங்குச்சந்தை சரிந்து ஓராண்டு ஆகியிருந்தது, வேலையிழப்பு பெருகிக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் ஆதரவாக 1,45,057 வாக்குகள் விழுந்தன. எதிராக 46,954. மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில், தங்கள் சொத்தையே ஈடாக வைக்கச் சம்மதித்த அந்த மக்களின் துணிச்சல்தான் இந்தப் பாலத்தின் முதல் அடித்தளம். பால வரலாறுகள் பொறியாளர்களுக்குக் கொடுக்கும் இடத்தில் ஒரு பங்காவது இவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

பத்திரத்தை வாங்க ஆள் இல்லை

கடன் பத்திரம் என்பது ஓர் எழுத்துபூர்வ வாக்குறுதி. வாங்குபவர் இன்று பணம் தருகிறார். வெளியிடுபவர் ஆண்டுதோறும் வட்டி தந்து, குறித்த காலத்தில் அசலைத் திருப்புகிறார். வாங்குபவருக்கு இரண்டு அச்சங்கள் உண்டு. வாக்குறுதி தந்தவரால் கட்ட முடியுமா என்பது ஒன்று. வாக்குறுதி தரவே அவருக்குச் சட்ட உரிமை உண்டா என்பது மற்றொன்று.

பால மண்டலத்தின் பத்திரங்களை இரண்டு அச்சங்களும் சூழ்ந்திருந்தன. படகு நிறுவனத்தின் பின்னணியில் தொடுக்கப்பட்ட வழக்குகள் மண்டலத்தின் வரி விதிக்கும் உரிமையையே கேள்விக்குள்ளாக்கின. வழக்கு நிலுவையில் இருக்கும்வரை எந்த முதலீட்டாளரும் அருகே வரமாட்டார் என்பது எதிர்தரப்புக்கு நன்றாகத் தெரியும். 1932 ஜூலையில் கூட்டரசு நீதிமன்றம் மண்டலத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பொதுமக்களின் கோபம் படகு நிறுவனத்தின் மீது திரும்பவே மேல்முறையீடும் கைவிடப்பட்டது.

சட்டச் சிக்கல் தீர்ந்தது, ஆனால் பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்தில் இருந்தது. அப்போது ஸ்ட்ராஸ் அணுகியது பாங்க் ஆஃப் அமெரிக்காவின் நிறுவனர் அமதேயோ ஜியானினியை. இத்தாலியக் குடியேறிகளின் மகனான அவர், சிறு வணிகர்களுக்கும் குடியானவர்களுக்கும் கடன் தந்தே வங்கியை வளர்த்தவர். உள்ளூரில் வேலை உண்டாக வேண்டும் என்பதற்காகவே அவருடைய வங்கி பத்திரங்களை வாங்க முன்வந்தது. 1933 ஜனவரி 5 அன்று கட்டுமானம் தொடங்கியது.

இதே ஆண்டுகளில் சான் பிரான்சிஸ்கோவையும் ஓக்லந்தையும் இணைக்கும் விரிகுடாப் பாலமும் எழுந்துகொண்டிருந்தது. அதன் பத்திரங்களைக் கூட்டரசின் மறுசீரமைப்பு நிதிக்கழகம் வாங்கியது. ஒரே நகரின் இரண்டு பாலங்களில் ஒன்று தேசிய அரசின் கைப்பிடியில் நடந்தது, மற்றொன்று ஆறு கவுண்டிகளின் வீட்டு மனைகளை நம்பி நடந்தது.

எஃகை மிச்சப்படுத்திய கணிதம்

கடனின் உச்சவரம்பு 3.5 கோடி என்று ஆன பிறகு, பாலம் அதற்குள் அடங்க வேண்டும். நீரிணையின் நடுவே தூண் எழுப்ப முடியாது. ஆகவே 4,200 அடி (1,280 மீட்டர்) நீளத்தை ஒரே தாவலில் கடக்க வேண்டும். அதுவரை உலகில் எந்தப் பாலமும் அவ்வளவு தூரம் தாவியதில்லை. 1964இல் நியூயார்க்கின் வெராசானோ நேரோஸ் பாலம் திறக்கும்வரை அந்தச் சாதனை நிலைத்தது.

தொங்கு பாலத்தில் சாலைத்தளத்தின் எடை செங்குத்தான தொங்குகம்பிகள் வழியே தலைமை வடத்துக்கு ஏறுகிறது. வடம் அந்த எடையைக் கோபுரங்களின் உச்சியில் இறக்கிவிட்டு, தன் இழுவிசையைக் கரையில் புதைந்த பெரிய காங்கிரீட் பாறைகளிடம் ஒப்படைக்கிறது. இப்பாறைகளை ‘நங்கூரத் தொகுதி’ எனலாம். கொடியில் ஈரத்துணி போடுபவர்களுக்கு ஒன்று தெரியும்: கொடியை விறைப்பாகக் கட்டினால் முளையைப் பிடுங்கும், சற்றுத் தொய்வாகக் கட்டினால் தாங்கும். பாலத்திலும் அப்படியே. தொய்வு கூடினால் இழுவிசை குறையும், மெல்லிய வடமே போதும். ஆனால் தொய்வு கூடக்கூடக் கோபுரம் உயர வேண்டும். வடத்தில் மிஞ்சும் காசு கோபுரத்தில் போய்விடும். இந்தப் பேரத்தில் கோல்டன் கேட்டுக்கு அமைந்தது 470 அடி தொய்வு, நீரிலிருந்து 746 அடி உயரக் கோபுரம்.

பெரிய மிச்சம் வேறோர் இடத்தில் கிடைத்தது. சாலைத்தளத்தின் இருமருங்கிலும் நீளவாக்கில் ஓடும் இரும்புச் சட்டகம்தான் தளம் வளையாமல் பார்த்துக்கொள்கிறது. பழைய கணக்குமுறைப்படி, பளு ஏறும்போது வடத்தின் வடிவம் மாறாது என்று கொள்வார்கள். அப்படிக் கொண்டால் சட்டகம் மிகக் கனமாக வரும். பொறியாளர் லியோன் மொய்சீஃப் வளர்த்தெடுத்த ‘விலகல் கோட்பாடு’ வேறு மாதிரிப் பார்த்தது. பளு ஏறினால் வடம் விலகத்தான் செய்யும். ஆனால் நீளமும் கனமும் மிக்க பாலத்தில் ஏற்கெனவே இருக்கும் பெரும் இழுவிசையே அந்த விலகலை எதிர்த்து நிற்கும். எனவே மெல்லிய சட்டகம் போதும். 4,200 அடி நீளத் தாவலுக்கு வைத்த சட்டகத்தின் உயரம் வெறும் 25 அடி. நீளத்தில் 168இல் ஒரு பங்கு.

இந்தக் கோட்பாட்டை இந்தப் பாலத்துக்குப் பொருத்தி, பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டவர் ஸ்ட்ராஸின் நிறுவனத்தில் இருந்த சார்லஸ் எல்லிஸ். அன்று கணினி இல்லை. நழுவுகோலையும் கையால் சுழற்றும் கணக்குப்பொறியையும் கொண்டு, எண்ணற்ற சமன்பாடுகளை ஒவ்வொன்றாகத் தீர்க்க வேண்டும். வேலை இழுத்துக்கொண்டே போவதாகப் பொறுமையிழந்த ஸ்ட்ராஸ், 1931 இறுதியில் அவரை நீக்கினார். எல்லிஸ் சம்பளமின்றி மாதக்கணக்கில் கோபுரக் கணக்குகளைத் தொடர்ந்து சரிபார்த்தார். பாலம் திறந்தபோது அவருடைய பெயர் எங்குமே இடம்பெறவில்லை. பால மண்டலம் தன் அறிக்கையில் அவருக்கு உரிய இடத்தை அளித்தது 2007இல்தான். அவர் இறந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் கடந்திருந்தது. நவீனப் பொறியியல் வரலாற்றின் பெரிய அநீதிகளில் ஒன்றாக இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

கடலுக்குள் ஒரு தூண்

முக்கிய ஒப்பந்தங்கள் மூன்று. கோபுரமும் தளமும் அடங்கிய எஃகு வேலை 1,04,94,000 டாலர். வடங்களும் தொங்குகம்பிகளும் 58,55,000 டாலர். இரு கோபுரங்களின் அடித்தூண்கள் 29,35,000 டாலர். மூன்றில் மிகச் சிறிய தொகைக்குரிய அடித்தூண் வேலைதான் எல்லாரையும் உலுக்கியது.

வடக்குத் தூண் கரையோரப் பாறையில் அமைந்தது, அதிகத் தொல்லை இல்லை. தெற்குத் தூண் கரையிலிருந்து 1,100 அடி தள்ளி, திறந்த கடலில் எழ வேண்டும். அங்கே செல்ல ஒரு தற்காலிக மரப்பாலம் கட்டினார்கள். 1933 ஆகஸ்டில் மூடுபனியில் வழிதவறிய சரக்குக் கப்பல் அதை உடைத்துக்கொண்டு போயிற்று. செப்பனிட்டு முடித்ததும் அக்டோபர் இறுதியில் புயல் வந்து மீண்டும் பெயர்த்தது. டிசம்பரில் இன்னொரு புயல்.

தூணைச் சுற்றி முட்டை வடிவில் ஒரு கனத்த காங்கிரீட் காப்புச்சுவர் எழுப்பி, அதற்குள் காற்றழுத்த அறை கொண்ட ஒரு பெரிய பெட்டியை மிதக்கவிட்டு இறக்குவது திட்டம். 1934 அக்டோபரில் பெட்டி உள்ளே வந்ததும் கடலலை அதைச் சுவரோடு மோதவிட்டது. பெட்டி வெளியே இழுத்துச் செல்லப்பட்டது. பிறகு திட்டத்தையே மாற்றினார்கள்: காப்புச்சுவரின் திறந்த பக்கத்தை மூடி, உள்ளிருக்கும் நீரை இறைத்துவிட்டு, கடல்மட்டத்துக்குக் கீழே உலர்ந்த தரையில் நின்று தூணைக் கட்டினார்கள். தற்காலிகப் பாதுகாப்புக்காக எழுந்த சுவர் இறுதியில் வேலைத்தளமாகவே ஆயிற்று. இன்றும் தெற்குத் தூணைச் சுற்றிக் கப்பல் மோதாமல் காத்து நிற்பது அதே சுவர்தான்.

தாமதத்தின் விலை கட்டுமானச் செலவு மட்டுமல்ல. விற்ற பத்திரத்துக்கு அன்றிலிருந்தே வட்டி ஓடும், கட்டண வருமானமோ பாலம் திறந்த பிறகுதான். இதனால்தான் பத்திரங்களை ஒரேயடியாக விற்காமல் தேவைக்கேற்பக் கட்டம் கட்டமாக விற்றார்கள்.

வடமும் வலையும்

பென்சில்வேனியாவில் உருவான எஃகுத் துண்டுகள் பனாமா கால்வாய் வழியாகக் கப்பலில் வந்தன. வடங்களைப் பின்னியது, நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய ரோப்ளிங் குடும்பத்தின் நிறுவனம். அவ்வளவு பருமனான வடத்தை ஆலையில் செய்து தூக்கி மாட்ட முடியாது. ஆகவே 5 மில்லிமீட்டருக்கும் சற்று மெல்லிய கம்பியைச் சக்கரங்கள் கரைக்குக் கரை இழுத்துச் சென்று, அந்தரத்திலேயே வடமாகச் சேர்த்தன. ஒரு வடத்தில் 27,572 கம்பிகள். இறுக்கி முடித்தபின் அதன் விட்டம் 92 சென்டிமீட்டர். இரு வடங்களிலும் உள்ள கம்பியின் மொத்த நீளம் ஏறத்தாழ 1,29,000 கிலோமீட்டர். 1935 அக்டோபரில் தொடங்கிய பின்னல் 1936 மே மாதத்தில் முடிந்தது.

அன்றைய கட்டுமான உலகில் 10 லட்சம் டாலர் செலவுக்கு ஓர் உயிர் போகும் என்பது எழுதப்படாத கணக்கு. அந்தக் கணக்கை ஸ்ட்ராஸ் ஏற்கவில்லை. கடினத் தொப்பியைக் கட்டாயமாக்கினார். தளத்தின் அடியில் 1,30,000 டாலர் செலவில் கயிற்று வலை விரித்தார். மொத்தச் செலவில் அரை சதவீதம்கூட இல்லாத அந்த வலை 19 பேரைக் காப்பாற்றியது. ஆனால் 1937 பிப்ரவரி 17 அன்று ஒரு சாரம் அறுந்து வலையையும் கிழித்துக்கொண்டு விழுந்ததில் பத்துப் பேர் இறந்தனர். அதற்கு முன் இறந்த ஒருவரோடு சேர்த்துப் பதினொரு பேர்.

1937 மே 27 அன்று பாலம் நடந்து செல்வோருக்கும் மறுநாள் வாகனங்களுக்கும் திறந்தது. கார் ஒன்றுக்குக் கட்டணம், ஒரு தடவைக்கு 50 சென்ட்.

50 சென்ட் கணக்கு

வட்டி எப்படி அசலைத் தாண்டியது என்பதை இப்போது போட்டுப் பார்க்கலாம். உண்மையான பத்திரங்கள் வெவ்வேறு நாளில் விற்று வெவ்வேறு நாளில் தீர்ந்தவை. கணக்கு எளிதாக இருக்க, சில அனுமானங்கள்: கடன் 350 லட்சம் டாலர்; வட்டி ஆண்டுக்கு 5 சதவீதம்; திறந்ததிலிருந்து 34 ஆண்டுகளில், ஆண்டுதோறும் ஒரே அளவுத் தவணையாக அடைக்க வேண்டும்.

முதல் ஆண்டின் வட்டி மட்டும் 17.5 லட்சம் டாலர். அதை 50 சென்ட் கட்டணத்தில் ஈட்ட 35 லட்சம் வாகனங்கள் கடக்க வேண்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 9,600. இவ்வளவும் வந்து சேர்ந்தாலும் அசலில் ஒரு டாலர்கூடக் குறையாது. இந்த வட்டியையும் கொடுத்து 34 ஆண்டில் கடனும் தீர வேண்டுமானால், தவணை ஆண்டுக்கு 21.6 லட்சம் டாலராக இருக்க வேண்டும். அதாவது நாளொன்றுக்கு 11,800 வாகனங்கள். பராமரிப்பும் சம்பளமும் இதற்கு மேல்.

முதல் தவணையான 21.6 லட்சத்தில் 17.5 லட்சத்தை வட்டி எடுத்துக்கொள்கிறது. அசலில் கழிவது 4.1 லட்சம்தான். மறு ஆண்டு கடன் சற்றே குறைந்திருப்பதால் வட்டி 17.3 லட்சமாகிறது, அசலில் 4.3 லட்சம் கழிகிறது. பத்தாம் ஆண்டில்கூட அசலுக்குப் போவது 6.4 லட்சமே. பாதிக்காலமான 17 ஆண்டுகள் முடிந்த பின்னும் 244 லட்சம் கடன் பாக்கி நிற்கும். 21ஆம் ஆண்டில்தான் தவணையில் அசலின் பங்கு வட்டியின் பங்கை முந்துகிறது. அதன் பிறகு கடன் வேகமாகக் கரைந்து, கடைசி ஆண்டில் வட்டி ஏறத்தாழ ஒரு லட்சமாகச் சுருங்கிவிடுகிறது.

மொத்தம் கட்டியது 735 லட்சம். அதில் வட்டி 385 லட்சம். நடந்த வரலாற்றிலும் வட்டி ஏறத்தாழ 390 லட்சம். அனுமானங்கள் எளியவை என்றாலும் விடை உண்மைக்கு அருகில் வந்து நிற்கிறது.

இதையே 20 ஆண்டில் அடைத்திருந்தால்? தவணை 28.1 லட்சமாக ஏறும். மொத்த வட்டி 212 லட்சமாகக் குறையும். 173 லட்சம் டாலர் மிச்சம். ஆனால் அதே எண்ணிக்கையிலான வாகனங்களிடம் 50 சென்டுக்குப் பதில் 65 சென்ட் வாங்க வேண்டும். பெருமந்தக் காலத்தில் கட்டணம் ஏறினால் வாகனங்கள் படகுக்கே திரும்பிவிடும். அந்தப் படகு நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டது. நீண்ட தவணையில் அதிகம் போன வட்டி, 1937இல் கையில் காசில்லாத தலைமுறையின் சுமையை 1960களின் வளமான தலைமுறைக்கு மாற்றியதற்குக் கொடுத்த விலை. பாலம் இரு தலைமுறைக்கும் பயன்பட்டது என்பதால் இது நியாயமான பேரம்தான். கடன் வாங்கியே கட்டக்கூடாது, பணம் சேர்ந்த பிறகு கட்டலாம் என்று காத்திருந்தால், அத்தனை ஆண்டும் படகுத்துறை வரிசைதான்.

அடுத்த தலைமுறை கடனைத் தாங்கும் என்ற நம்பிக்கையை நடந்தது மெய்ப்பித்தது. 1941க்குள் கார்ப் படகுச் சேவை நின்றுபோனது. போருக்குப் பின் வடக்கே புறநகர்கள் பெருகின, வாகனங்களும் பெருகின. 1955இல் கட்டணம் 25 சென்டாகக் குறைந்தது. எண்ணிக்கை கூடியதால் பாதிக் கட்டணத்திலும் தவணை கட்ட முடிந்தது.

மிச்சம்பிடித்த எடை

மெல்லிய சட்டகத்தால் மிஞ்சிய பணத்துக்குப் பின்னால் ஒரு செலவு காத்திருந்தது. 1940 நவம்பர் 7 அன்று, திறந்து நான்கே மாதமான டக்கோமா நேரோஸ் என்ற இன்னொரு தொங்கு பாலம் மிதமான காற்றில் முறுக்கி முறுக்கி ஆடி உடைந்து விழுந்தது. அதன் வடிவமைப்புக்கும் மொய்சீஃப்தான் பொறுப்பு. விலகல் கோட்பாடு பளுவைச் சரியாகக் கணக்கிட்டது. காற்றின் ஓட்டத்தால் தளம் தானே அதிரத் தொடங்கி, அதிர்வு அதிர்வை வளர்க்கும் விளைவு அதற்குள் இல்லை.

கோல்டன் கேட் பாலம் டக்கோமாவைவிட அகலமும் எடையும் மிக்கது, சட்டகமும் காற்று புகும் திறந்த பின்னல். ஆனாலும் 1951 டிசம்பர் 1 அன்று மணிக்கு 110 கிலோமீட்டர் வேகக் காற்றில் தளம் அலைபோல் அசைந்ததால், பாலம் சில மணி நேரம் மூடப்பட்டது. ஆய்வுக்குப் பின் 1954இல் தளத்தின் அடிப்புறம் முழுவதும் குறுக்குப் பின்னல் சட்டங்கள் சேர்க்கப்பட்டன. முறுக்கலைத் தடுப்பது அவற்றின் வேலை. செலவு 35 லட்சம் டாலர், அதாவது பாலத்துக்கு வாங்கிய கடனில் பத்தில் ஒரு பங்கு.

கடன் தீர்ந்த பிறகு

கடன் தீர்ந்தாலும் பாலத்தின் செலவு தீரவில்லை. உப்புக்காற்றிலும் மூடுபனியிலும் நிற்கும் எஃகு ஓயாமல் துருப்பிடிக்கும். தளத்தின் காங்கிரீட்டுக்குள் உப்பு ஊறி உள்ளிருந்த கம்பியை அரித்ததால், 1982க்கும் 1986க்கும் இடையே தளம் முழுவதும் மாற்றப்பட்டது. புதிய எஃகுத் தளம் பழையதைவிட 11,000 டன்னுக்கும் மேல் இலேசானது. 1989 லோமா பிரீட்டா நிலநடுக்கம் பாலத்துக்குச் சேதம் விளைவிக்கவில்லை. ஆனால் அருகில் இன்னும் பெரிய நிலநடுக்கம் வந்தால் தாங்காது என்று ஆய்வுகள் காட்டின. 1997இல் தொடங்கிய வலுவூட்டல் பல கட்டங்களாக நடந்துவருகிறது. அதற்குக் கட்டணப் பணத்தோடு கூட்டரசு நிதியும் சேர்ந்தது. உயிர்மாய்ப்பைத் தடுக்கப் பாலத்தின் இருபுறமும் விரித்த எஃகு வலை 2024 ஜனவரியில் நிறைவுற்றது. அதற்கு ஆன செலவு 22 கோடி டாலருக்கும் மேல்.

இவை தவிர, பால மண்டலம் 1970இல் படகுச் சேவையையும் 1972இல் பேருந்துச் சேவையையும் தொடங்கியது. பாலத்தை அகலப்படுத்தவோ இன்னொரு பாலம் கட்டவோ வழியில்லாத நிலையில், கார்களைக் குறைப்பதே நெரிசலுக்குத் தீர்வு என்று முடிவாயிற்று. படகுகளுக்கும் பேருந்துகளுக்கும் ஆகும் நட்டத்தில் ஒரு பகுதியைக் கார்களின் கட்டணம் ஈடுசெய்கிறது. 1968 முதல் தெற்கு நோக்கிச் செல்லும் வாகனங்களிடம் மட்டுமே கட்டணம் வாங்குகிறார்கள். 2013 மார்ச் முதல் அது முழுவதும் மின்னணு முறையில் வசூலாகிறது.